பலகைக் கதவும் பத்து விரல்களும்

பாரிஸ் நகரின் பழைய மாடிக்கட்டடங்களில் குடியிருக்கும் எம்மவர்கள் நாள்தோறும் திறந்து மூடும் கதவுகளைச் சற்று உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். நாற்புறமும் சட்டம், சட்டத்தின் நடுவே ஒரு பலகை. அப்பலகையின் ஓரங்கள் சரிந்து மெலிந்து சட்டத்துக்குள் நுழைந்திருக்க, நடுப்பகுதி மட்டும் மேடாக எழுந்து நிற்கும். ஊரிலே முதிரையிலும் வேம்பிலும் எமது தச்சர்கள் செய்த கதவுகளிலும் அலுமாரிகளிலும் கண்ட அதே அமைப்புத்தான். பிரெஞ்சுத் தச்சர்கள் இந்நடுப்பலகையைப் 'பன்னோ ஆ பிளாத்-பாந்' என்பர். வீட்டுக் குசினி அலுமாரிகளுக்கும் இன்று இவ்வகைக் கதவுகளையே பலரும் விரும்புகின்றனர்.

லாச்சப்பலைச் சூழ்ந்த வீதிகளில் கடைகளையும் உணவகங்களையும் திருத்தி அமைக்கும் வேலைகளில் எம்மவர் பலர் ஈடுபட்டுள்ளனர். வேறு சிலர் மரவேலைப் பட்டறைகளில் உதவியாட்களாகச் சேர்ந்து, காலப்போக்கில் இயந்திரத்தருகே நிற்கத் தொடங்குகின்றனர். இன்னும் சிலர் விடுமுறை நாட்களில் வீட்டின் நிலவறையில் மேசையொன்றை அமைத்துச் சொந்தத் தேவைக்கு வேலை செய்கின்றனர். முறையான பயிற்சியின்றிக் கண்பார்த்துக் கற்றுக்கொள்வோரே இவர்களுள் அதிகம். ஆகவே, பலகைக் கதவை எவ்வாறு செய்வது என்பதையும், அதைச் செய்யும்போது விரல்களை எவ்வாறு காப்பது என்பதையும் இவ்வாரம் சேர்த்தே எழுதுகின்றோம்.

அந்நியர் வளர்த்த தொழில்

வட தொடரூந்து நிலையத்திலிருந்து 5ஆம் இலக்க மெட்ரோவில் ஏறினால், மாறி ஏறாமலே பஸ்தீய் சதுக்கத்தில் இறங்கலாம். அங்கிருந்து கிழக்கே நீளும் போபூர் சென்-அந்துவான் வீதி, நூற்றாண்டுக் கணக்காகப் பாரிஸின் தளபாடத் தொழிலுக்குப் பெயர்போனது. அக்காலத்தில் தொழிற்சங்கக் குழுமங்களில் இடம்பெறாத ஒருவர் பாரிஸில் சுதந்திரமாகத் தச்சுத்தொழில் செய்ய இயலாது. ஆனால் சென்-அந்துவான் கன்னியர் மடத்தின் நிலத்தில் வேலை செய்தோருக்கு அக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது. 14ஆம் லூயி மன்னரின் ஆட்சியில், 1657ஆம் ஆண்டில், அவ்விலக்கு உறுதிப்படுத்தப்பட்டது. இதனால் ஜேர்மனியிலிருந்தும் பிளாண்டர்ஸிலிருந்தும் வந்த தச்சர்கள் அங்கே குடியேறினர்.

ஜேர்மன் மண்ணில் 1734இல் பிறந்து, இளவயதிலே பாரிஸுக்கு வந்த ழான்-ஆன்றி ரீஸ்னேர், தன்னைப் போலவே ஜேர்மன் மண்ணிலிருந்து வந்த ழான்-பிரான்சுவா ஓபெனின் பட்டறையில் தொழில் பழகினார். ஓபென் 1760இல் தொடங்கிய அரசருக்கான எழுதுமேசையை, அவர் மறைந்தபின் 1769இல் முடித்துக் கொடுத்தவர் ரீஸ்னேரே. வெர்சாய் மாளிகையின் புகழ்பெற்ற தளபாடம் அது. மொழி தெரியாமல் வந்து கைத்திறத்தால் நிலைபெற்றவர்களின் வரிசை இந்நகரில் மிக நீண்டது என்பதை எமது இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. 'எபெனிஸ்து' என்று நுண்தச்சரை அழைக்கும் பிரெஞ்சுச் சொல்லே 'எபென்' எனும் கருங்காலியிலிருந்து பிறந்தது. அக்கருங்காலி இனம் எமது தீவின் வறண்ட காடுகளிலும் வளர்கின்றது.

பலகையை ஏன் ஒட்டக்கூடாது

வேலையில் இறங்குமுன் மரத்தின் குணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும். ஈரத்தை இழந்தால் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் ஏறத்தாழ இல்லை எனலாம். நாருக்குக் குறுக்கே, அதாவது அகலவாட்டிலேயே, அது நிகழ்கின்றது. ஊரிலே கார்த்திகை, மார்கழி மழையில் கதவுகள் பருத்து நிலையில் இறுகிக்கொள்வதை நாமெல்லோரும் கண்டிருக்கின்றோம். இங்கே நிலைமை தலைகீழானது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிகள் வீட்டுக் காற்றை உலர்த்திவிடுவதால், அக்காலத்திலேயே மரம் சுருங்குகின்றது, கோடையில் பருக்கின்றது.

தட்டையாக அறுத்த, 300 மி.மீ. அகலமான ஓக் பலகையொன்றின் ஈரப்பதன் 4 சதவீதம் குறையுமானால், அதன் அகலம் சுமார் 4 மி.மீ. குறைந்துவிடும். அப்பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு ஒட்டியிருந்தால், ஒன்று பலகை நடுவே வெடிக்கும். அல்லது சட்டத்தின் மூட்டு விலகும். எனவேதான் சட்டத்தின் உட்புறத்தில் தவாளிப்பு வெட்டி, அதற்குள் பலகையை ஒட்டாமல் 'மிதக்க' விடுகின்றனர். பலகையின் ஓரத்தைச் சரித்து மெலியச் செய்வதும் முதலில் இத்தவாளிப்புக்குள் நுழைப்பதற்காகவே. அழகு அதனால் கிடைத்த உபரிப் பயன்.

கணக்கு ஒன்றைக் காண்போம். 400 மி.மீ. அகலமும் 600 மி.மீ. உயரமும் உடைய கதவு வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். சட்டங்களின் அகலம் 60 மி.மீ.; தவாளிப்பின் ஆழம் 10 மி.மீ. இரு நெடுஞ்சட்டங்களும் 600 மி.மீ. நீளமாக நிற்கும். அவற்றின் அகலம் போக எஞ்சும் இடைவெளி 280 மி.மீ. குறுக்குச் சட்டங்கள் இருபுறமும் 10 மி.மீ. வீதம் தவாளிப்புக்குள் நுழைய வேண்டுமாதலால், அவற்றின் நீளம் 300 மி.மீ. நடுப்பலகையும் அவ்வாறே 300 மி.மீ. வரலாம். ஆனால் பருக்க இடம் விட்டுப் பக்கத்துக்கு 3 மி.மீ. வீதம் கழித்து 294 மி.மீ. அகலமாக வெட்ட வேண்டும். உயரத்தில் மாற்றம் சிறிதாதலால் 500க்குப் பதில் 498 மி.மீ. போதுமானது.

பம்பரம் என்னும் இயந்திரம்

பிரெஞ்சுப் பட்டறைகளில் இவ்வேலைக்கென உள்ள பெரிய இயந்திரத்தின் பெயர் 'துப்பி'. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பம்பரம் என்பதே பொருள். மேசையின் நடுவே நிமிர்ந்த அச்சொன்றில் வெட்டலகு பம்பரம்போற் சுழலும். மரவேலை இயந்திரங்களுள் நெடுங்காலமாக மிகவும் அஞ்சப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. இதன் சிறிய வடிவமே ரவுட்டர் மேசை. கையிற் பிடித்து வேலை செய்யும் ரவுட்டரை, பிரெஞ்சில் 'டெபோன்சேஸ்' எனப்படுவதை, மேசையின் கீழே தலைகீழாகப் பொருத்தி, வெட்டலகு மட்டும் மேசைக்கு மேலே நீட்டி நிற்கச் செய்வர். சிறியதாகையால் பலர் இதனை இலேசாக எண்ணுகின்றனர். அது பெரிதும் தவறு.

நடுப்பலகையின் ஓரத்தைச் சரிக்கும் வெட்டலகைக் கடைகளில் 'பிரேஸ் ஆ பிளாத்-பாந்' என்று கேட்க வேண்டும். கிடையாகப் படுத்து வெட்டும் வகையில் சில 89 மி.மீ. வரை விட்டமுடையவை. சாதாரண ரவுட்டர் நிமிடத்துக்கு 22,000 தடவை சுழலக்கூடியது. 89 மி.மீ. அலகு அவ்வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 370 கி.மீ. வேகத்தில் ஓடும். பாரிஸிலிருந்து புறப்படும் அதிவேகத் தொடரூந்தின் உச்ச வேகமே மணிக்கு 320 கி.மீ. தான். அவ்வேகத்தில் அலகு அதிரலாம், தண்டு வளையலாம், உடைந்த துண்டு எத்திசையிலும் பறக்கலாம். இத்தகைய பெரிய அலகை நிமிடத்துக்கு 10,000 சுற்று அளவிலேயே இயக்க வேண்டும். அப்போது விளிம்பின் வேகம் மணிக்கு 168 கி.மீ. அளவுக்குக் குறையும். அலகில் அல்லது அதன் பெட்டியில் பொறித்துள்ள உச்சச் சுழற்சி எண்ணை ஒருபோதும் மீறலாகாது. வேகத்தைக் குறைக்க முடியாத ரவுட்டரில் இவ்வலகைப் பூட்டவே கூடாது.

லண்டனிலிருந்து உறவினர் மூலம் கருவிகளை வரவழைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கு விற்கப்படும் அலகுகள் பலவற்றின் தண்டு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இங்கு விற்கப்படும் பெரிய ரவுட்டர்களின் கவ்வி பெரும்பாலும் 12 மி.மீ. தடித்த தண்டு சிறிய கவ்விக்குள் நுழையாது என்பதால் அதனால் தீங்கில்லை. ஆனால் 12 மி.மீ. தண்டை 12.7 மி.மீ. கவ்விக்குள் இட்டால் இறுகியதுபோலத் தோன்றி, ஓடும்போது நழுவி வெளியேறும். 6 மி.மீ. தண்டுக்கும் கால் அங்குலக் கவ்விக்கும் இதே ஆபத்து உண்டு. தண்டும் கவ்வியும் ஒரே அளவாக இருப்பது கட்டாயம். தண்டை அடிவரை இறக்கிப் பின்னர் 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்தே இறுக்க வேண்டும். இவை யாவற்றையும் மின்செருகியைக் கழற்றி வைத்துவிட்டே செய்தல் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோருக்குக் கிடையான பெரிய அலகைவிட, நிமிர்ந்து நின்று வெட்டும் ஒடுங்கிய அலகே ஏற்றது. அதன் விட்டம் சிறிதாகையால் விளிம்பின் வேகமும் குறைவு. பலகையை நிமிர்த்திப் பிடிக்க உயரமான வழிகாட்டி மட்டும் தேவைப்படும்.

வேலையின் ஒழுங்கு

முதலில் குறுக்குச் சட்டங்களின் முனைகளை வெட்ட வேண்டும். நெடுஞ்சட்டத்தின் தவாளிப்புக்குள் பொருந்தும் நாக்கு இம்முனையில் அமைகின்றது. ஒடுங்கிய துண்டொன்றை நாருக்குக் குறுக்கே வெட்டுவதாகையால், வெறுங்கையாற் பிடித்துத் தள்ளுதல் மிக ஆபத்தானது. துண்டைச் சறுக்குப் பலகையொன்றில் கவ்வியால் இறுக்கி, அதன் பின்னால் வேறொரு கட்டையை அண்டக் கொடுத்துத் தள்ள வேண்டும். பின்கட்டை இருப்பின் நார் பிய்ந்து வருவதும் தடுக்கப்படும். அதன் பின்னரே எல்லாச் சட்டங்களின் உள்விளிம்பிலும் தவாளிப்பை வெட்டுதல் முறை. முதலில் கழிவுத்துண்டு இரண்டில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பின்பே நல்ல மரத்தில் கைவைக்க வேண்டும்.

நடுப்பலகையின் நல்ல முகத்தை மேசைமீது கவிழ்த்து வைக்கவும். இவ்வாறு வைத்தால் அலகு பலகையின் கீழே மறைந்திருக்கும். நாருக்குக் குறுக்கான இரு முனைகளையும் முதலில் வெட்டி, நாரோடு செல்லும் இரு பக்கங்களையும் பின்னர் வெட்டவேண்டும். முனைகளை வெட்டும்போது மூலையிற் பிய்ந்த நாரைப் பின்னைய வெட்டுச் சுத்தமாக்கிவிடும். முழு ஆழத்தையும் ஒரே தடவையில் வெட்ட முயலக் கூடாது. ஒவ்வொரு தடவையும் 3 மி.மீ. அளவில், மூன்று அல்லது நான்கு தடவைகளில் வெட்டுக. கடைசித் தடவை 1 மி.மீ.க்குக் குறைவாகச் சீவினால் கருகலின்றி வழவழப்பாக வரும்.

வழிகாட்டியை எதிரே கொண்டு நிற்பவர், பலகையை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகத் தள்ள வேண்டும். அப்போது அலகு பலகையை எதிர்த்துத் தள்ளும். பலகை கைக்கு அடங்கி நிற்கும். திசை மாறினால் அலகு பலகையைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடும். பலகையோடு கையும் செல்லும். அதுபோலவே அலகுக்கும் வழிகாட்டிக்கும் நடுவே மரத்தைச் செலுத்துதல் எக்காலத்தும் கூடாது. அவ்வாறு செலுத்திய மரம் அம்புபோற் பாயும்.

கையைக் காக்கும் துணைகள்

பலகையை மேசையோடும் வழிகாட்டியோடும் அழுத்திப் பிடிக்கச் 'சீப்பு' எனப்படும் பல்வைத்த கட்டைகள் உள்ளன. பிரெஞ்சுக்காரரும் அதனைச் சீப்பு என்றே அழைப்பர். நல்ல மரத்துண்டில் சாய்வாகப் பல பிளவுகளை அறுத்து இதனை நாமே செய்துகொள்ளலாம். பலகை முன்னே செல்ல இது இடங்கொடுக்கும். பின்னே பாய்வதைத் தடுக்கும். தள்ளுவதற்குக் கைப்பிடியுள்ள தள்ளுகட்டைகள் இரண்டு வேண்டும். அலகிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் விரல் வரலாகாது என்பதை முடிந்த விதியாகக் கொள்க. அலகின் மேலே ஒளிபுகும் காப்பு மூடியொன்று இருத்தல் அவசியம். மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்தாலும் தானாக இயங்காத ஆளியை மேசையின் முன்புறத்தில், கைக்கெட்டும் இடத்தில் பொருத்த வேண்டும்.

குளிர்காலத்தில் நிலவறையில் வேலை செய்வோர் கையுறை அணிய விரும்புவர். சுழலும் அலகின் அருகே கையுறை ஆகாது. நூலிழை ஒன்று சிக்கினாலே போதும், கை முழுவதையும் அது இழுத்துவிடும். தொங்கும் சட்டைக்கை, கழுத்துத்துண்டு, மணிக்கட்டு நூல், மோதிரம் யாவும் கழற்றப்பட வேண்டியவை. கோவிலிற் கட்டிய நூலைக் கழற்ற மனமில்லாதவர், இறுக்கமான நீளக்கைச் சட்டையால் அதனை மூடிக்கொள்ளலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குக் காப்பும் தேவை. இரவு உணவகத்தில் வேலை செய்துவிட்டு, உறக்கமின்றிக் காலையில் இயந்திரத்தருகே நிற்பதை எக்காரணத்துக்காகவும் அனுமதிக்க முடியாது.

மரத்தூளும் ஒரு பகையே. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதற் பிரிவில் சேர்த்தது. ஓக், பீச் போன்ற மரங்களின் தூள் மூக்கின் உட்குழிகளில் புற்றுநோயை உண்டாக்கும். பிரான்சில் பட்டறைக் காற்றில் ஒரு கனமீற்றருக்கு 1 மில்லிகிராம் தூளே, எட்டு மணிநேரச் சராசரியாக, அனுமதிக்கப்பட்ட எல்லை. தொழில்சார் நோய்களின் 47ஆம் அட்டவணையில் மரத்தூள் நோய்கள் இடம்பெற்றுள்ளன. காற்றோட்டமற்ற நிலவறையில் தூளுறிஞ்சியும் முகக்கவசமும் இன்றி வேலை செய்பவர், தன் உடலை மட்டுமன்றித் தூள் படிந்த உடையோடு வீடு திரும்பித் தன் குழந்தையின் மூச்சையும் கெடுக்கின்றார்.

அசம்பாவிதம் நேர்ந்தால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 15 அல்லது 112 இலக்கத்தை அழைக்க வேண்டும். விரல் துண்டிக்கப்பட்டால் அதனைக் கழுவாமல் சுத்தமான துணியிற் சுற்றி, நீர் புகாத பொலித்தீன் பையிலிட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைக்க வேண்டும். விரல் பனிக்கட்டியை நேரே தொடக்கூடாது. கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பிரான்சில் தனியான அவசர நிலையங்கள் உள்ளன. அழைப்பை ஏற்பவர் எங்கு செல்ல வேண்டும் எனக் கூறுவார்.

வேலைத்தலத்தில் காயமுற்றவர் 24 மணிநேரத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். முதலாளி 48 மணிநேரத்துக்குள் சமூகக் காப்புறுதி அலுவலகத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். சிகிச்சைக்குப் பணம் முற்கூட்டிக் கட்டாதிருக்க உதவும் விபத்துப் படிவத்தையும் அவரே தரவேண்டும். அவர் மறுத்தால், காயமுற்றவரே இரண்டு ஆண்டுகளுக்குள் நேரடியாக அறிவிக்கலாம். பதிவின்றி வேலை செய்தவருக்கும் இப்பாதுகாப்பு உண்டு. 'வீட்டில் விழுந்து வெட்டிக்கொண்டேன் என்று சொல்' என்று யாரேனும் வற்புறுத்தினால் அதற்கு இணங்கவேண்டாம். மருத்துவமனையில் முதல்நாட் சொல்லும் அச்சொல், பின்னர் வரும் நட்டஈட்டையும் வாழ்நாள் உதவித்தொகையையும் இழக்கச் செய்யக்கூடும். காப்பு மூடி கழற்றப்பட்ட இயந்திரத்தில் வேலை செய்யுமாறு கூறப்பட்டால், பாரதூரமான உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை 1982 டிசம்பர் 23ஆம் திகதிச் சட்டம் தொழிலாளருக்கு அளித்துள்ளது. விலகும்போது காரணத்தை முதலாளிக்கு உடன் தெரிவிக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 18 வயதுக்குட்பட்டவரை இத்தகைய இயந்திரங்களில் வேலைக்கு அமர்த்துவது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தொழிற்பயிற்சிக்காக மட்டும், உரிய நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. சனிக்கிழமைகளில் மகனை உதவிக்கு அழைத்துச் செல்லும் தந்தையர் இதனை நினைவிற் கொள்வார்களாக. பிள்ளைக்கு இத்தொழிலில் விருப்பமிருந்தால் தச்சுக்கும் நுண்தச்சுக்கும் 'சே.ஆ.பே.' எனும் தொழிற்சான்றிதழ் உண்டு. 1886இல் நிறுவப்பட்ட எக்கோல் பூல், பாரிஸ் 12ஆம் வட்டாரத்தில் இன்றும் தளபாடக் கலையைக் கற்பிக்கின்றது. வயதுவந்தோர் 'அஃப்பா' நிறுவனத்தின் தொழிற்பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம். படிப்பு எமக்கு எட்டாதது என்று ஒதுங்கவேண்டியதில்லை. இயந்திரத்தருகே உரக்கச் சொல்லப்படும் பத்துப் பிரெஞ்சுச் சொற்கள் விளங்காமற்போனதால் கையை இழந்தவனுக்கு, அச்சொற்களைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு எவ்வளவு பெறுமதியானது என்பது பின்னரே தெரியவரும்.

பொருத்துதல்

வெட்டு வேலை முடிந்ததும் நடுப்பலகைக்கு எண்ணெய் அல்லது மெருகுப் பூச்சைப் பொருத்துமுன்பே பூசிவிடுக. பின்னர் பூசினால், குளிர்காலத்தில் பலகை சுருங்கும்போது பூச்சற்ற வெள்ளைக்கோடு ஓரத்தில் வெளித்தெரியும். வெள்ளைப் பசையைச் சட்டங்களின் நான்கு மூட்டுகளுக்கு மட்டும் இட்டு, தவாளிப்புக்குள் பசை வழியாமற் பார்த்துக்கொள்க. கவ்விகளால் இறுக்கி, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாயின் கதவு சதுரமாக நிற்கின்றது என்று பொருள். இத்தகைய ஒட்டு குசினி அலுமாரிக் கதவுக்குப் போதுமானது. வாசற்கதவு போன்ற பாரமான கதவுகளுக்கு ஊர் முறைப்படி கழுந்தும் துளையும் வேண்டும்.

புலம்பெயர்ந்து வந்தபோது வீடும் காணியும் எம்மோடு வரவில்லை. கைகள் வந்தன. இங்கு வாடகையைக் கட்டுவதும், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்புவதும் அக்கைகளின் உழைப்பே. கதவு ஒன்று பிழைத்தால் வேறு பலகை வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம், செய்து முடித்த கதவுக்குப் பிணைச்சல் பொருத்தும் முறையை நோக்குவோம்.